கடிதம் இன்பாக்ஸில் சேர: மின்னஞ்சல் பட்டியலைப் பராமரிக்கும் முறை

புதிய நூல் வெளிவந்த செய்தியை ஒரு சிறு பதிப்பகம் தன் பட்டியலில் உள்ள 4,000 வாசகர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் சேவையின் அறிக்கையில் 'டெலிவர்டு' என்ற கட்டத்தில் 3,900-க்கு மேல் காட்டும். பார்த்தவர் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஆனால் அந்த எண்ணுக்குப் பொருள் ஒன்றுதான்: எதிர்முனையில் இருக்கும் சர்வர் '250' என்ற விடையைத் தந்து கடிதத்தை வாங்கிக்கொண்டது. வாங்கியதை அது இன்பாக்ஸில் வைத்ததா, 'புரமோஷன்ஸ்' பகுதிக்குத் தள்ளியதா, ஸ்பேமில் போட்டதா என்பதை அனுப்பியவருக்கு எவரும் தெரிவிப்பதில்லை.

வாங்கிய கடிதம் இன்பாக்ஸில் வைக்கப்படும் அந்த இரண்டாம் கட்டத்தைச் சரியாக வைத்துக்கொள்ளும் முறையை இங்கே பார்ப்போம். எடுத்துக்காட்டுக்குப் பதிப்பகத்தைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் நூற்றுக்கணக்கான முகவரிகளை ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் அவற்றை அப்படியே வைத்திருந்து, அடுத்த ஜனவரியில் ஒரே மூச்சில் நான்கு கடிதங்கள் அனுப்பும் பழக்கம் தமிழ்ப் பதிப்புலகில் பரவலாக இருக்கிறது. மின்னஞ்சல் வடிகட்டிகளுக்குச் சந்தேகம் வரவைக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. துணிக்கடை நடத்துபவரும் இசைப் பள்ளி நடத்துபவரும் பெயர்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

'இலவசம்' என்ற சொல்லைத் தலைப்பில் போடாதே, ஆச்சரியக்குறியைத் தவிர் என்பது போன்ற அறிவுரைகளிலிருந்து தொடங்குவது தவறான வரிசை. இன்றைய வடிகட்டிகள் சொற்களைவிட அனுப்புநரின் வரலாற்றையே பெரிதும் பார்க்கின்றன: இந்த டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வந்த கடிதங்களை மக்கள் திறந்தார்களா, பதில் எழுதினார்களா, படிக்காமலே அழித்தார்களா, 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தினார்களா என்பவையே கணக்கில் வருகின்றன. எனவே யாரைப் பட்டியலில் சேர்க்கிறோம், யாரை எப்போது விடுவிக்கிறோம் என்பதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. தொழில்நுட்ப ஏற்பாடு ஒரு முறை செய்து முடிக்க வேண்டிய வேலை. அதை முதலில் முடித்துவிடலாம்.

டொமைனும் மூன்று பதிவுகளும்

அனுப்புநர் முகவரி சொந்த டொமைனில் இருக்க வேண்டும். ஜிமெயில் அல்லது யாகூவின் இலவச முகவரியை அனுப்புநராகப் போட்டு, மெயில்சிம்ப், பிரெவோ, ஸோஹோ கேம்பெயின்ஸ் போன்ற சேவைகள் வழியாக மொத்தமாக அனுப்புவது இனிச் செல்லாது. யாகூ 2014 ஏப்ரலிலேயே தன் பெயரில் வெளியிலிருந்து வரும் கடிதங்களை நிராகரிக்கும்படி உலகுக்கு அறிவித்துவிட்டது. ஜிமெயிலும் தன் பெயரில் பிறர் அனுப்புவதைத் தனியே ஒதுக்கும் கொள்கைக்கு மாறுவதாக அறிவித்தது.

டொமைன் கையில் வந்ததும், அதன் டி.என்.எஸ். பக்கத்தில் (டொமைன் பற்றிய விவரங்களை இணையத்துக்குத் தெரிவிக்கும் ஏடு) மூன்று பதிவுகள் தேவைப்படும். முதலாவதான எஸ்.பி.எஃப்., எந்தெந்த சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். இதில் அடிக்கடி நேரும் பிழை, புதிய சேவை ஒன்றில் சேரும்போது அது தந்த வரியைப் பழைய வரிக்குக் கீழே இரண்டாவது எஸ்.பி.எஃப். பதிவாக ஒட்டிவிடுவது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாமல் போகும். புதிய சேவையின் சர்வர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் 'இன்க்ளூட்' பகுதியைப் பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்துக்கொண்டே போகவும் முடியாது. அந்தப் பதிவைச் சரிபார்க்க நேரும் டி.என்.எஸ். தேடல்கள் 10-ஐத் தாண்டினால் சோதனை தோல்வியில் முடியும். எப்போதோ பயன்படுத்தி விட்டுவிட்ட சேவைகளை நீக்க இது நல்ல சந்தர்ப்பம்.

இரண்டாவது டிகிம். ஒவ்வொரு கடிதத்திலும் மறைகுறியீட்டுக் கையொப்பம் ஒன்றைச் சேவை இடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோல் உங்கள் டி.என்.எஸ்.-இல் இருக்கிறது. திறவுகோலின் நீளத்தில் 1,024, 2,048 பிட் என இரண்டு தேர்வுகள் காட்டினால் 2,048-ஐத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது டிமார்க். வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் டொமைனும் மேற்கண்ட இரண்டு சோதனைகளில் குறைந்தது ஒன்றில் தேறிய டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இதன் சாரம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மொத்தமாக அனுப்பும் சேவைகள் பெரும்பாலும் கடிதத்தின் உறையில், திரும்பி வருவதற்கான முகவரியாகத் தங்கள் டொமைனையே வைக்கின்றன, ஆகவே எஸ்.பி.எஃப். தேறினாலும் அது சேவையின் பெயரில் தேறியதாகவே கொள்ளப்படும், உங்கள் பெயரில் அல்ல. டிகிமை உங்கள் டொமைனில் அமைத்தால்தான் டிமார்க் தேறும். கடிதத்தை ஒருவர் வேறொரு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும்போது எஸ்.பி.எஃப். பெரும்பாலும் உடைந்துவிடும், டிகிம் கையொப்பம் பெரும்பாலும் தாங்கும் என்பதும் இதே பக்கம் வலுச் சேர்க்கிறது.

டிமார்க்கை முதலில் எதையும் தடுக்காத 'நன்' என்ற நிலையில், அறிக்கைகள் வந்து சேர ஒரு முகவரியோடு தொடங்குங்கள். ஜிமெயில் முதலிய நிறுவனங்கள் அன்றாடம் எக்ஸ்.எம்.எல். கோப்புகளாக அறிக்கை அனுப்பத் தொடங்கும். அவற்றைச் சில வாரங்கள் பார்த்தால், நீங்களே மறந்துபோன அனுப்புநர்கள் வெளிவருவார்கள்: பில் போடும் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம், கணக்காளர் பயன்படுத்தும் வேறொரு சேவை. அவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்திய பிறகு, தேறாத கடிதங்களைத் தனியே ஒதுக்கச் சொல்லும் 'குவாரன்டைன்' நிலைக்கும், பின்னர் அவற்றை நிராகரிக்கச் சொல்லும் 'ரிஜெக்ட்' நிலைக்கும் போகலாம். நேராக 'ரிஜெக்ட்' போட்டால் உங்கள் ரசீதுகளே வாடிக்கையாளருக்குப் போகாமல் நிற்கும்.

செய்தது சரியா என்று பார்க்கக் கட்டண மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு கடிதம் அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒரு சிறிய அட்டவணையில் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். டிகிம் வரியில் தெரியும் டொமைன் உங்களுடையதாக இருக்க வேண்டும், சேவையினுடையதாக அல்ல.

இவை இப்போது விருப்பத்துக்குரியவையும் அல்ல. கூகுளும் யாகூவும் 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 பிப்ரவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு நாளில் ஏறத்தாழ 5,000 கடிதங்களைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்பும் டொமைனுக்கு மூன்று பதிவுகளும் கட்டாயம். ஒருமுறை அந்த எண்ணை எட்டிவிட்டால், பிறகு குறைத்துக்கொண்டாலும் கூகுள் உங்களை மொத்த அனுப்புநராகவே வைத்துக்கொள்ளும். அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்காக மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே 5 முதல் இதையொத்த விதிகளைக் கொண்டுவந்தது. உங்கள் பட்டியல் சிறியது என்றாலும் இவற்றைச் செய்துவிடுவதே நல்லது. அரை நாள் வேலைக்குத் தயங்க வேண்டியதில்லை.

முகவரி எப்படி வந்தது?

நோட்டில் எழுதி வாங்கும் முகவரிகளுக்குத் திரும்புவோம். அரங்கின் முன் கூட்டம் நெருக்க, நின்றபடியே ஒருவர் தன் முகவரியை எழுதுகிறார். இரவில் வேறொருவர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். ஆங்கிலச் சிற்றெழுத்து எல்லும் எண் ஒன்றும், ஓவும் பூஜ்யமும் கையெழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அடிக்கோடு இருக்கிறதா, அது நோட்டின் கோடுதானா என்று தெரியாது. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதில் ஒருமையும் கிடையாது. கவிதா என்பதில் 'தா'வுக்கு எச் சேர்ப்பவரும் உண்டு, சேர்க்காதவரும் உண்டு. ஒரு எழுத்து மாறினால் கடிதம் திரும்பி வருவது நல்ல முடிவு. கெட்ட முடிவு, அது உங்களை அறியாத மற்றொரு கவிதாவுக்குப் போய்ச் சேர்வது. அவர் செய்யக்கூடிய நியாயமான காரியம் ஸ்பேம் பொத்தானை அழுத்துவதுதான்.

ஆகவே நோட்டுக்குப் பதிலாக அரங்கில் ஒரு க்யூ.ஆர். அட்டையை வைத்து, வாசகரே தன் கைப்பேசியில் முகவரியை உள்ளிடும்படி செய்ய வேண்டும். வாட்ஸ்ஆப்பும் யு.பி.ஐ.யும் பழகிய வாசகர்களுக்கு இது சிரமமில்லை. முகவரி உள்ளிட்டதும் அதற்கு ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் போக வேண்டும். அதில் உள்ள இணைப்பை அழுத்தியவர் மட்டுமே பட்டியலில் சேர வேண்டும். இந்த முறையில் பட்டியலின் எண்ணிக்கை குறையும் என்பது உண்மை. குறைவதில் பெரும்பகுதி, எப்படியும் உங்களுக்குப் பயன்படாத முகவரிகள்.

உறுதிப்படுத்தும் கடிதம் சுருக்கமாகவும், எங்கே சந்தித்தோம் என்பதை நினைவூட்டுவதாகவும் இருக்கட்டும். இப்படி எழுதலாம்: "வணக்கம். நந்தனம் புத்தகக் காட்சியில் எங்கள் அரங்கில் இந்த முகவரியைப் பதிவு செய்தீர்கள். மாதம் ஒரு முறை புதிய நூல்களைப் பற்றிய கடிதம் அனுப்புவோம். பெற விரும்பினால் கீழே உள்ள பொத்தானை அழுத்துங்கள். பதிவு செய்தது நீங்கள் அல்ல என்றால் எதுவும் செய்ய வேண்டாம். இந்த முகவரிக்கு மீண்டும் எழுத மாட்டோம்." கடைசி வாக்கியத்தை எழுதினால் அதைக் காப்பாற்றவும் வேண்டும், உறுதிப்படுத்தாதவருக்கு நினைவூட்டல் அனுப்பும் வசதியைச் சேவை தந்தாலும் அதை அணைத்து வையுங்கள். படிவத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்களிடமிருந்தும் இதே கடிதம்தான் உங்களைக் காக்கிறது.

முகவரியுடன் நான்கு செய்திகளைச் சேர்த்து வையுங்கள்: பதிவான நாள், நேரம், இடம், அப்போது படிவத்தில் இருந்த வாசகம். இணையத்தில் நூல் வாங்கியவருக்கு ரசீது அனுப்புவது ஒன்று, செய்திமடல் அனுப்புவது வேறு. இரண்டாவதற்குத் தனியே ஒரு கட்டம் இருக்க வேண்டும், அதில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது. இது நாகரிகம் மட்டுமல்ல. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது அதைத் தந்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் நூல்களுக்கு டொரண்டோவிலும் பாரிஸிலும் வாசகர்கள் இருப்பதால் அந்த நாடுகளின் சட்டங்களும் தொடும். 2014-இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் ஸ்பேம் எதிர்ப்புச் சட்டத்தில், நூல் வாங்கியவரிடம் வெளிப்படையான ஒப்புதல் இல்லாவிட்டாலும் வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை எழுதலாம். அதற்குள் அவரது ஒப்புதலைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்புதல் பெற்றதை நிரூபிக்கும் பொறுப்பை அது அனுப்புபவர் மேல் வைக்கிறது. மேலே சொன்ன நான்கு செய்திகள் இதற்கும் உதவும்.

'சென்னை ஆசிரியர்கள் 50,000 முகவரிகள்' என்ற ரீதியில் விற்பனைக்கு வரும் பட்டியல்களை இலவசமாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது. அவற்றில் பொறி முகவரிகள் இருக்கும். எந்த மனிதரும் பயன்படுத்தாத, எங்கும் ஒப்புதல் தந்திராத முகவரிகளை ஸ்பேம் தடுப்பு அமைப்புகள் வலையில் ஆங்காங்கே விட்டுவைக்கின்றன. அவற்றுக்குக் கடிதம் வந்தால், அனுப்பியவர் முகவரியைத் திரட்டியோ வாங்கியோதான் பெற்றிருக்க வேண்டும் என்பது உறுதியாகிவிடும். நீண்ட காலம் கைவிடப்பட்டுப் பின்னர் பொறியாக மாற்றப்பட்ட பழைய முகவரிகளும், ஜிமெயிலின் பெயரை எழுத்துப் பிழையோடு கொண்ட டொமைன்களும் வேறு இரண்டு வகை. இந்த இரண்டும் நேர்மையாகச் சேர்த்த பட்டியலிலும் புகுந்துவிடக் கூடியவை என்பதால்தான் பராமரிப்பு தேவைப்படுகிறது.

திரும்பி வரும் கடிதங்கள்

பவுன்ஸ் ஆன, அதாவது கடிதம் திரும்பி வந்த முகவரிகளை ஒட்டுமொத்தமாக நீக்குவதும் தவறு, ஒட்டுமொத்தமாக விட்டுவைப்பதும் தவறு. சேவையின் அறிக்கையில் ஒவ்வொரு பவுன்ஸுக்கும் அருகே ஒரு குறியீடு இருக்கும். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு, 4-இல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு என்பது பொது விதி. ஆனால் அதற்குள் மூன்று நிலைமைகளைப் பிரித்தறிய வேண்டும்.

'550 5.1.1' என்றால் அப்படியொரு பயனர் இல்லை. அன்றே நிறுத்த வேண்டும்; இன்னொரு முறை முயன்று பார்ப்பதால் உங்கள் பெயர்தான் கெடும்.

'452 4.2.2' அல்லது '552 5.2.2' என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது. இங்கே அவசரப்படக் கூடாது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இடம் ஜிமெயிலுக்கு மட்டுமானது அல்ல. டிரைவும் கூகுள் ஃபோட்டோஸும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. பேரக்குழந்தையின் வீடியோக்களால் இடம் நிரம்பிப்போன ஒரு வாசகர் உயிரோடுதான் இருக்கிறார், உங்கள் நூலை வாங்கவும் கூடும். அவரை நீக்காமல் வைத்து, அடுத்த சில கடிதங்களில் முயன்று, தொடர்ந்து பல மாதங்கள் நிரம்பியே இருந்தால் அப்போது விடுவிக்கலாம்.

'5.7' அல்லது '4.7' என்ற எண் வரும் குறியீடுகள் மூன்றாவது வகை. '5.7.26' என்று ஜிமெயில் சொன்னால் உங்கள் கடிதம் அடையாளச் சோதனையில் தேறவில்லை என்று பொருள், '421 4.7.28' என்றால் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் வருகிறது என்று பொருள். பழுது அனுப்பும் பக்கத்தில் இருக்கிறது, வாசகரின் முகவரியில் அல்ல. டி.என்.எஸ். பதிவு ஒன்று கெட்டுப்போன நாளில் திரும்பி வந்த ஆயிரம் முகவரிகளைச் செத்தவை என்று கருதி நீக்கிவிட்டால், நல்ல வாசகர்களை ஒரே நாளில் இழக்க நேரும். ஒரே அனுப்புதலில் பவுன்ஸ் திடீரென்று எகிறினால், நீக்குவதற்கு முன் குறியீட்டைப் படிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய எக்செல் கோப்பிலிருந்து பத்து, பதினைந்து ஆண்டுக்கு முந்தைய முகவரிகளைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு சொல். அதில் ரெடிஃப்மெயில் முகவரிகளும், விட்டுவந்த கல்லூரி, அலுவலக முகவரிகளும் மிகுந்திருக்கும். யாகூ 2013-இல் பயன்பாட்டில் இல்லாத பெயர்களைப் புதியவர்களுக்குக் கொடுத்தது. கூகுள் இரண்டு ஆண்டுகள் தொடப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கி வருகிறது. அந்தக் கோப்பு அலமாரியிலேயே இருக்கட்டும்.

பேசாமல் இருப்பவர்கள்

திரும்பியும் வராமல், விலகியும் போகாமல், எதையும் அழுத்தாமல் இருக்கும் முகவரிகள்தான் கடினமான பகுதி. 'திறந்தார்' என்ற கணக்கை இப்போது நம்ப முடியாது. ஆப்பிள் 2021 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 15-உடன் கொண்டுவந்த அஞ்சல் தனியுரிமை வசதி, வாசகர் கடிதத்தைப் பார்க்காவிட்டாலும் அதிலுள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. அறிக்கையில் அது திறந்ததாகவே பதிவாகும். சில அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள் இணைப்புகளைத் தானே அழுத்திச் சோதிப்பதால் கிளிக் கணக்கிலும் பொய் கலக்கிறது. கடிதம் போன ஓரிரு நொடிகளில் எல்லா இணைப்புகளும் அழுத்தப்பட்டிருந்தால் அது மனிதர் அல்ல. நம்பத்தக்க அடையாளங்கள் வேறு: நூல் வாங்கியது, பதில் எழுதியது, படிவம் நிரப்பியது, இடைவெளி விட்டு வந்த கிளிக்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவும் ஆறு மாதம் அசையாதவரை நீக்கச் சொல்கின்றன. வாரம் இரண்டு கடிதம் அனுப்பும் கடைக்கு அது சரி. தமிழ்ப் புத்தகம் வாங்குபவர்களில் கணிசமானோர் ஆண்டுக்கு ஒரு முறை, ஜனவரியில் மொத்தமாக வாங்கும் பழக்கமுடையவர்கள். அவர்களை ஜூலையில் அசையாதவர் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. ஒரு ஜனவரியையாவது உள்ளடக்கிய முழு ஆண்டைக் கணக்கில் எடுப்பதே என் பரிந்துரை. அந்த ஓராண்டில் எந்த அடையாளமும் இல்லாதவருக்கு, தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்லி ஒரே ஒரு கடிதம் போகட்டும்: "தொடர்ந்து எழுதலாமா?" உள்ளே இரண்டு பொத்தான்கள் போதும்: 'தொடர்ந்து அனுப்புங்கள்', 'இனி வேண்டாம்'. தள்ளுபடி கூப்பன் எதையும் இதில் வைக்காதீர்கள். கூப்பனுக்காக அழுத்தியவர் அடுத்த ஆண்டும் இதே நிலையில்தான் நிற்பார். இரண்டையும் அழுத்தாதவருக்கு நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு. நிறுத்தியவரும் விலகியவரும் புகார் செய்தவரும் சேவையின் தடைப் பட்டியலில் இருக்க வேண்டும். அப்போதுதான் அதே முகவரி வேறு வழியில் மீண்டும் வந்தாலும் கடிதம் போகாது. சிறு நிறுவனங்களில் நடக்கும் பெரும் விபத்து இங்கேதான் நேர்கிறது. அலுவலகக் கணினியில் 'மாஸ்டர்' என்ற பெயரில் ஓர் எக்செல் இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் டிசம்பரில் அதைப் புதிய சேவையில் ஏற்றுவார். மூன்று ஆண்டுகளாக விலகிப்போன அத்தனை பேரும் ஒரே இரவில் திரும்பி வந்துவிடுவார்கள். விலகிய பின்னும் கடிதம் வந்தால் வாசகருக்கு வரும் கோபம் சாதாரணமானது அல்ல. எனவே மூலப்பட்டியல் அனுப்பும் சேவையில் மட்டுமே இருக்கட்டும், எக்செல் அதன் நகலாக மட்டுமே இருக்கட்டும். சேவையை மாற்றும்போது தடைப் பட்டியலை முதலில் ஏற்றி, அதன் பிறகே மற்றவர்களை ஏற்றுங்கள்.

விலகும் வழி

விலகும் இணைப்பைச் சிறிய சாம்பல் எழுத்தில் ஒளித்து வைப்பவர்கள் தமக்கே தீங்கு செய்துகொள்கிறார்கள். வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். கூகுள் சொல்லும் எல்லையின்படி புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. 4,000 பேருக்குப் போன கடிதத்தில் 12 பேர் அழுத்தினாலே 0.3 வந்துவிடும். பன்னிரண்டு பேர் என்பது ஒரு தெருவில் இருக்கும் கூட்டம்கூட அல்ல.

ஒரே சொடுக்கில் விலகும் வசதி மொத்த அனுப்புநர்களுக்கு இப்போது கட்டாயம். 2017-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8058 என்ற இணையத் தர ஆவணம் கேட்கும் இரண்டு தலைப்புவரிகளை (வாசகருக்குத் தெரியாமல் கடிதத்தோடு போகும் தகவல் வரிகள்) சேர்த்தால், ஜிமெயில் அனுப்புநர் பெயருக்கு அருகிலேயே 'அன்சப்ஸ்கிரைப்' என்று காட்டும். பெரிய சேவைகள் இதைத் தாமே செய்துவிடுகின்றன; சொந்த நிரலில் அனுப்புபவர்கள்தான் கவனிக்க வேண்டும். விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்கியாக வேண்டும். லாகின் செய்யச் சொல்வது, காரணம் எழுதினால்தான் விடுவோம் என்பது எல்லாம் கூடாது.

சேவை தரும் அடிக்குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதை "இனி இந்தக் கடிதம் வேண்டாம்" என்று தமிழில் மாற்றி, கடிதத்தின் மேற்பகுதியிலும் ஒரு முறை வையுங்கள். மேலே வைக்க இன்னொரு காரணமும் உண்டு: ஏறத்தாழ 102 கே.பி.யைத் தாண்டும் கடிதத்தை ஜிமெயில் பாதியில் வெட்டிவிட்டு, மீதியைப் பார்க்கத் தனி இணைப்பைக் காட்டும். வெட்டுப்படும் பகுதியில்தான் விலகும் வரி இருக்கும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யு.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், தமிழ் எழுத்துக்கும் துணைக்குறிக்கும் தலைக்கு மூன்று பைட் ஆகும். வேர்டிலிருந்து நேரடியாக ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குறிகளும் சேர்ந்து எடை ஏறும். முழு அத்தியாயத்தைக் கடிதத்தில் போடாமல் ஒரு பத்தியைப் போட்டு, மீதியைத் தளத்தில் படிக்க விடுங்கள்.

அனுப்பும்போது

உள்ளடக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பக்க வடிவமைப்புக்குப் பயன்படும் பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவிலிருந்து பத்தியை நகலெடுத்து ஒட்டினால், பெறுபவர் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பின்பே ஒட்ட வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்து முழு அறிவிப்பையும் ஒரே படமாக அனுப்புவதும் சரியல்ல. படம் இறங்காதவருக்கு அது வெற்றுக் கட்டம். பொதுவான சுருக்க இணைப்புச் சேவைகளைத் தவிர்த்து, உங்கள் டொமைனின் முழு இணைப்பையே கொடுங்கள். அதே சுருக்கியை மோசடிக்காரர்களும் பயன்படுத்துவதால் அவர்களின் பெயர்க்கேடு உங்கள் மேல் ஏறும்.

அளவும் இடைவெளியும் அதைவிட முக்கியம். பத்து மாதம் மௌனமாக இருந்துவிட்டு ஜனவரியில் திடீரென்று முழுப் பட்டியலுக்கும் அனுப்பும் டொமைனை வடிகட்டிகள் களவாடப்பட்ட கணக்கைப் பார்ப்பது போலப் பார்க்கும். மாதம் ஒரு கடிதமாவது சீராகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். இடைவெளி விழுந்துவிட்டால், நவம்பரிலேயே தொடங்கி, அண்மையில் வாங்கியவர்களும் கிளிக் செய்தவர்களுமான சில நூறு பேருக்கு முதலில் அனுப்பி, பவுன்ஸும் புகாரும் அடங்கியிருப்பதைப் பார்த்து, ஒவ்வொரு கடிதத்துக்கும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகலாம். தனி ஐ.பி. முகவரி (உங்கள் கடிதங்களை மட்டுமே அனுப்பும் சர்வரின் எண்) வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். சில ஆயிரம் பேர் கொண்ட பட்டியலுக்கு அதன் பெயரைக் கட்டிக்காக்கும் அளவுக்குப் போக்குவரத்து இருக்காது, சேவையின் பொது ஐ.பி.யே மேல்.

கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில் உங்கள் டொமைனைப் பதிவு செய்து வையுங்கள். ஜிமெயில், யார் புகார் செய்தார் என்று சொல்லாது. மொத்தப் புகார் விகிதத்தை மட்டும் அங்கே காட்டும். சிறிய அளவில் அனுப்பும் நாள்களில் வரைபடம் வெறுமையாக இருக்கும். அதனால் பயப்பட வேண்டியதில்லை.

கடிதங்கள் ஸ்பேமில் விழத் தொடங்கிவிட்டன என்று தெரிந்தால், புதிய டொமைன் வாங்கி ஓடுவது பலருக்கும் தோன்றும் முதல் யோசனை. வரலாறே இல்லாத டொமைன் இன்னும் மோசமாகத்தான் நடத்தப்படும். முதலில் முழுப் பட்டியலுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். 'ஷோ ஒரிஜினல்' வழியாக மூன்று பதிவுகளையும் மறுபடி பாருங்கள். பிறகு கடைசி முப்பது, அறுபது நாளில் உண்மையான அடையாளம் காட்டியவர்களுக்கு மட்டும் சில வாரங்கள் எழுதி, அவர்களில் பதில் எழுதக் கூடியவர்களிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள். வாசகர் எழுதும் பதில் வலுவான நற்சான்று. நிலைமை தெளிந்த பின் தொண்ணூறு நாள், ஆறு மாதம் என்று வட்டத்தை விரிக்கலாம். ஸ்பேம் அனுப்புபவர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்பின் தடைப்பட்டியலில் டொமைன் ஏறியிருந்தால், காரணத்தைச் சரிசெய்துவிட்டு அவர்களின் தளத்திலேயே நீக்கக் கோரிக்கை வைக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்று வருபவர் ஸ்பாம்ஹாஸைச் சேர்ந்தவர் அல்ல.